விருந்து மேசையில் நோயாளிக்கும் ஒரு கிண்ணம்: பழமும் சீஸும் கலந்த பாஸ்தா சாலட்

தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிறந்தநாள், வளைகாப்பு, நவராத்திரி கொலு என எந்தக் கூடுகையானாலும் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்து எடுத்து வரும் வழக்கம் பரவி வருகிறது. தயிர்சாதத்தில் மாதுளை முத்துகளும் திராட்சையும் கலந்த பகாளாபாத் பல்லாண்டுகளாக அந்த மேசையில் இருந்து வருகிறது. அண்மைக் காலத்தில் அதன் அருகே இன்னொரு கிண்ணமும் வந்து சேர்ந்துள்ளது. வேகவைத்து ஆறவைத்த பாஸ்தாவில் பழத்துண்டுகளும் சீஸும் கலந்து குளிர்ச்சியாகப் பரிமாறப்படும் சாலட் அது. இளையவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மிகவும் பிடித்துவிட்டது.

எங்கள் புறநோயாளிகள் பிரிவில் இந்தப் பதார்த்தத்தைப் பற்றிய கேள்விகள் அடிக்கடி வருகின்றன. அண்மையில் ஓர் அம்மையார் கேட்டது மனத்தில் நிற்கிறது. அவருடைய கணவர் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டைக் கடந்தவர். "டாக்டர், எங்கள் பேத்தியின் பிறந்தநாளுக்கு அவளே பாஸ்தா சாலட் செய்யப் போகிறாளாம். தாத்தா சாப்பிட்டே ஆக வேண்டும் என்கிறாள். இவர் இந்த ஒரு வருடமாக எந்த விசேஷத்திலும் எதையும் தொடாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். இந்த ஒரு கிண்ணமாவது கொடுக்கலாமா?"

கொடுக்கலாம் என்றுதான் சொன்னோம். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் உடன் சொல்லியனுப்பினோம். அந்தப் பேச்சின் விரிவே இக்கட்டுரை.

முதலில் வாசகர்கள் பலர் எதிர்பாராத ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த சாலட்டில் நோயாளிக்கு ஆபத்து எதனால் என்று கேட்டால் பெரும்பாலோர் சீஸ் என்பார்கள், சிலர் பழத்தின் சர்க்கரை என்பார்கள். எங்களுக்கு முதற்கவலை வெந்து ஆறிய பாஸ்தாவைப் பற்றியது. மண்ணிலும் தானியங்களிலும் இயல்பாக வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, ஸ்போர் எனப்படும் வித்தணுவாக அரிசியிலும் கோதுமையிலும் ஒட்டிக்கொண்டு சமையலறைக்குள் வருகிறது. கொதிக்கும் நீரிலும் வித்தணு சாவதில்லை. வெந்த உணவு மெல்ல ஆறி வெதுவெதுப்பாக இருக்கும்போது அது முளைத்துப் பெருகுகிறது. பெருகும்போது அதன் சில வகைகள் செரியூலைட் என்ற நச்சைச் சுரக்கின்றன. பாக்டீரியாவைக் கொல்லும் சூடு இந்த நச்சை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே கெட்டுப்போன உணவை மறுபடி சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

1970களில் பிரிட்டனில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றைச் சாப்பிட்ட பலருக்குத் தொடர் வாந்தி ஏற்பட்டபோது இந்த பாக்டீரியாவின் பெயர் மருத்துவ உலகில் பரவலாகத் தெரியவந்தது. சோற்றை முன்னிரவே வடித்து, அறை வெப்பத்தில் விட்டுவைத்து, மறுநாள் வறுத்ததே காரணம். பாஸ்தா சாலட்டுக்கும் இதில் ஒரு துயரக் கதை உண்டு. 2003ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செய்து, சனிக்கிழமை வெளியில் உலாப் போன இடத்துக்கு எடுத்துச் சென்றது. மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் திங்கள் மாலை குழந்தைகளுக்குக் கொடுத்தனர். ஐந்து குழந்தைகளுக்கும் உடல்நலம் கெட்டது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கல்லீரல் செயலிழந்து இறந்தாள். பின்னர் அளந்து பார்த்தபோது அந்தக் குளிர்சாதனப் பெட்டியின் உள்வெப்பம் 14 டிகிரி செல்சியஸ். இருக்க வேண்டியது 5 டிகிரிக்குள்.

இத்தகைய மரணம் மிக அரிது. பெரும்பாலோருக்குச் சில மணிநேர வாந்தியோடு முடிந்துவிடும். ஆனால் இதை வாசிப்பவர்களில் பலர் கீமோதெரபி பெறுபவர்கள், கல்லீரல் பாதிப்புள்ளவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், அல்லது அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள். ஆரோக்கியமானவர் ஓர் இரவில் மீண்டுவிடும் வாந்தி, இவர்களை மருத்துவமனைப் படுக்கைக்குக் கொண்டுவந்துவிடக்கூடும். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் நாள் முழுதும் வாந்தியெடுத்தால் உடலில் நீர் வற்றுவதோடு, விழுங்கிய மாத்திரைகளும் வெளியே போய்விடுகின்றன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தலைமுறை தலைமுறையாகப் பழைய சோறு சாப்பிட்டவர்கள்தாமே நாம்? உண்மைதான். சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள் பழைய சோற்றைக் குடல்நோய்களுக்குப் பயன்படுத்துவது பற்றி ஆய்வே மேற்கொண்டிருக்கிறார்கள். பழைய சோறு நீரில் மூழ்கிப் புளிக்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி அதைப் புளிப்பாக்குகின்றன, அந்தப் புளிப்பில் பிற கிருமிகள் பல எளிதில் வளர முடிவதில்லை. வடித்துத் தட்டில் கிடக்கும் பாஸ்தாவில் அந்தப் புளிப்பு இல்லை. எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகளுக்குப் பழைய சோற்றையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இனி செய்முறைக்கு வருவோம். இருபது பேர் கூடும் விருந்துக்கு 500 கிராம் பாஸ்தா போதும். ஏனைய பதார்த்தங்களும் மேசையில் இருக்கும் என்பதால் ஆளுக்கு ஒரு சிறு கிண்ணம் என்பது கணக்கு. உறையைத் திருப்பிப் பார்த்து ரவையால் செய்ததை வாங்குங்கள். மைதாவில் செய்தது ஆறியபின் குழைந்து ஒட்டிக்கொள்ளும். பழங்களில் மூன்று ஆப்பிள், 300 கிராம் விதையில்லாத திராட்சை, ஒரு பெரிய மாதுளை, சிறு அன்னாசியில் பாதி. சீஸ் அல்லது பன்னீர் 250 கிராம். கலப்பதற்கு, மெல்லிய துணியில் கட்டி நீர் வடித்த தயிர் அரை கிலோ, இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு, மிளகுத்தூள், சிறிது புதினா. கடைகளில் கிடைக்கும் மயோனைஸ் இதற்குத் தேவையில்லை. வடித்த தயிரே சுவையாக இருக்கும். தயிரின் புளிப்பும் எலுமிச்சையின் புளிப்பும் கிருமி வளர்ச்சியை ஓரளவு தாமதப்படுத்தும். ஓரளவுதான், அதை நம்பிக் கிண்ணத்தை வெயிலில் வைக்கக் கூடாது.

பாஸ்தாவை ஐந்து லிட்டர் கொதிநீரில் ஒரு தேக்கரண்டி உப்பு மட்டும் சேர்த்து வேகவைக்கவும். கடித்தால் நடுவில் சிறிது உறுதி தெரிய வேண்டும். வடித்தபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் குழாய்நீரில் அலசிக் குளிரவைக்கச் சொல்லும். நம் வீடுகளில் குழாய்நீர் நிலத்தடித் தொட்டிக்கு வந்து, மாடித் தொட்டிக்கு ஏறி, அதன்பின் நம் கைக்கு வருகிறது. வெந்த உணவை அதில் அலசுவது வேகவைத்ததன் பயனையே கெடுத்துவிடும். காய்ச்சி ஆறவைத்த நீரை முந்தைய நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து அதில் அலசுங்கள், அல்லது நம்பகமான குடிநீரைப் பயன்படுத்துங்கள். ஐஸ் போடுவதானால் அதையும் அதே நீரில் உறையவைக்க வேண்டும்.

அலசி வடித்ததை ஆழமான பாத்திரத்தில் குவிக்காமல், அகலமான தாம்பாளத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசிறினால் ஒட்டாது. ஆவி அடங்கியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். முழுதும் ஆறிய பிறகே உள்ளே வைக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது பழைய சிறு பெட்டிகளை எண்ணித்தான். அந்தப் பேச்சைக் கேட்டுப் பாத்திரத்தை மேடையிலேயே மறந்துவிடும் வீடுகள் அதிகம். இன்னொன்று, விருந்துக்கு முந்தைய நாள் பெட்டி நிரம்பி வழியும். கதவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும். அன்றுதான் உள்வெப்பம் ஏறுகிறது. ஒரு சிறு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். மின்வெட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் கதவைத் திறக்காமல் வைத்திருங்கள். நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் அந்தப் பாஸ்தாவை நோயாளிக்குத் தர வேண்டாம்.

பழங்களைக் குடிநீரில் நன்றாக அலசி, துடைத்து, பிறகு நறுக்குங்கள். சோப்பு வேண்டாம். ஆப்பிளின் தோலைச் சீவிவிடலாம். இறைச்சி நறுக்கும் பலகையும் கத்தியும் பழத்தின் பக்கமே வரக் கூடாது. வெட்டித் துண்டுகளாக்கிக் கடையில் விற்கும் பழத்தை, அது எத்தனை பெரிய கடையானாலும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர் இருக்கும் வீட்டுக்கு வாங்க வேண்டாம். எப்போது வெட்டியது, எந்த நீரில் கழுவியது என்பது நமக்குத் தெரியாது.

அன்னாசியைப் பற்றி எங்கள் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவின் பொங்கல் விருந்துக்கு இதே சாலட்டைச் செய்தோம். பச்சை அன்னாசித் துண்டுகளை முன்னிரவே தயிரோடும் பன்னீரோடும் கலந்து குளிரவைத்தோம். காலையில் வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்துபோலக் கசந்தது. குடல்நோய் மருத்துவர்கள் செய்திருக்கக் கூடாத தவறு! அன்னாசியில் உள்ள ப்ரோமெலைன் என்ற நொதி பால்புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்குகிறது. பப்பாளியும் கிவியும் இதே வேலையைச் செய்யும். அன்னாசித் துண்டுகளைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் வேகவிட்டு எடுத்தால் நொதி அடங்கிவிடும். அன்று மேசையில் பகாளாபாத்தே எங்களைக் காப்பாற்றியது.

சீஸ் விஷயத்தில் உப்பே முதன்மையானது. நாள் ஒன்றுக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம் என்ற அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதப்படுத்திய சீஸின் உறையில் சோடியம் என்ற வரியைப் படித்துப் பார்த்தால் ஒரு துண்டிலேயே எவ்வளவு போகிறது என்பது புரியும். இதய நோயாளி, இரத்த அழுத்தம் உள்ளவர், சிறுநீரக நோயாளி ஆகியோரின் கிண்ணத்துக்கு உப்பில்லாத வீட்டுப் பன்னீரே நல்லது. கொழுப்பு மிகுந்த ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து வடித்தால் ஏறக்குறைய 200 கிராம் கிடைக்கும். மற்றவர்களுக்கு எந்த சீஸானாலும் சரி. கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் செய்யப்படும் சீஸ் சென்னைக் கடைகளில் கிடைக்கிறது, சுவையும் நன்று. ஆனால் கருவுற்ற பெண்களும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸை உண்ணக் கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வளரும் ஆற்றல் கொண்டது.

இப்போது நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்பும் ஒன்றைச் சொல்கிறோம். எல்லாவற்றையும் முன்னதாகவே கலந்து வைக்காதீர்கள். பாஸ்தா ஒரு பாத்திரத்தில், ஒவ்வொரு பழமும் தனித்தனிக் கிண்ணத்தில், சீஸ் தனியே, தயிர்க் கலவை தனியே குளிரில் இருக்கட்டும். பரிமாறும் நேரத்தில், முதலில் நோயாளியின் கிண்ணத்தை அவருக்கு உகந்தவற்றைக் கொண்டு கலந்து எடுத்துவிடுங்கள். பிறகு மற்றவர்களுக்குக் கலக்கலாம். அவருக்கும் அதே மேசையில், அதே பெயருள்ள பதார்த்தம் கிடைக்கிறது. பலரின் கரண்டி படுவதற்கு முன்பே அவருடைய பங்கு பிரிந்துவிடுகிறது.

யாருடைய கிண்ணத்தில் எது இருக்கலாம் என்பதில் சிறுநீரக நோயாளிகளுக்கே அதிகக் கவனம் தேவை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் இரத்தத்தில் பொட்டாசியம் தேங்கினால் இதயத்துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். விருந்துகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் வருகின்றன. இரு டயாலிசிஸுக்கு இடையேயான நீண்ட இடைவெளியும் பலருக்கு அந்த நாளை ஒட்டியே வருகிறது. ஆகவே அன்று வாழைப்பழம், கொய்யா, முலாம்பழம், உலர்திராட்சை, பேரீச்சம்பழம் ஆகியவற்றைத் தவிர்த்து, ஆப்பிள், பேரிக்காய், வேகவைத்த அன்னாசி ஆகியவற்றில் சிறிதளவு மட்டும் சேர்க்கலாம். மாதுளையை மேலே அழகுக்குச் சில முத்துகளாகத் தூவினால் போதும். பதப்படுத்திய சீஸில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகள் உடலில் எளிதாக உறிஞ்சப்படுவதால் அதை அறவே விட்டுவிடுங்கள். தயிரும் ஓரிரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

ஒரு பழத்தை மட்டும் சிறுநீரக நோயாளிகள் ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது. தமரத்தம் பழம் என்றும் நட்சத்திரப் பழம் என்றும் அழைக்கப்படும் அந்தப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்போல் இருக்கும் என்பதால் சாலட்டின் மேல் அலங்காரமாக வைக்கிறார்கள். ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும் ஒரு நரம்பு நச்சு அதில் உள்ளது. சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் அது தங்கி, முதலில் விடாத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு என்று முற்றி உயிரையே பறித்திருக்கிறது. விருந்தில் அந்தப் பழம் கலந்த கிண்ணம் இருந்தால், பழத்தை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைக் கொடுப்பதும் கூடாது. சாப்பிட்டபின் விக்கல் தொடங்கினால் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்குத் தடை வேறு. கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாஸும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகள் உடலில் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டேட்டின், அட்டார்வாஸ்டேட்டின் மருந்துகளுக்கும் இது பொருந்தும். பம்பளிமாஸ் நம் ஊர்ப் பழம்தானே என்று பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. முதலில் சொன்ன அம்மையாரிடம் இதை இருமுறை எழுதிக் கொடுத்தோம்.

கீமோதெரபி பெறுபவர்களுக்குப் பச்சைப் பழமே கூடாது என்று முன்பு பொதுவாகத் தடைசெய்து வந்தோம். அத்தகைய கடுமையான தடை தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நன்றாகக் கழுவி, அப்போதே நறுக்கிய பழத்தை மிகப் பலர் உண்ணலாம். வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும் உங்கள் சிகிச்சைக் குழுவைக் கேட்டுச் செய்யுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இந்த சாலட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உறுதியாக வெந்த ரவைப் பாஸ்தா மெதுவாகவே செரிக்கிறது. ஆறவைக்கும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது, என்றாலும் அந்தப் பயன் சிறிதுதான். மேலே சொன்ன அளவில் ஒரு கிண்ணத்தில் உள்ள மாவுச்சத்து, ஏறக்குறைய 100 கிராம் சோற்றில் உள்ள அளவே. அதைச் சோற்றுக்குப் பதிலாக உண்ண வேண்டும், சோற்றோடு கூடுதலாக அன்று. இன்சுலின் போடுபவர்களுக்கு எங்கள் கவலை வேறு: எட்டு மணிக்கு என்று சொன்ன விருந்து பத்து மணிக்குத் தொடங்குவது நம் ஊரில் புதிதன்று. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு போய் அங்கே காத்திருந்து மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். உணவு கண்ணெதிரே வந்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முழுத் திராட்சை மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். குழந்தைகளுக்கு அதை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். விழுங்கும் சிரமம் உள்ளவர்களுக்கு மாதுளையும் திராட்சையும் வேண்டாம். மற்றவற்றையும் பயிற்சியாளர் அனுமதித்த பதத்தில் மட்டும் கொடுங்கள்.

சாலட்டை வேறு வீட்டுக்கு எடுத்துச் செல்வதானால் ஐஸ் பொதிகள் வைத்த பெட்டியில் கொண்டு செல்லுங்கள். மாலை நேர அண்ணா சாலை நெரிசலில் தேனாம்பேட்டையிலிருந்து வேளச்சேரி போய்ச் சேர ஆகும் நேரமும் கணக்கில் சேரும். குளிரிலிருந்து வெளியே எடுத்த உணவுக்கு அனுமதி இரண்டு மணி நேரம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சென்னையில், அதிலும் மாடியில் பந்தல் போட்டு நடக்கும் விருந்தில், ஆண்டின் பெரும்பகுதி இந்த ஒரு மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே முழுவதையும் மேசைக்குக் கொண்டுவராமல் சிறு கிண்ணமாக எடுத்து, தீரத்தீர மறுகிண்ணம் வையுங்கள். மேசையில் மிஞ்சியதை வீட்டுக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள். உணவை எறிய நம் மனம் ஒப்புவதில்லை என்பதை அறிவோம். முதலிலேயே குறைவாகச் செய்வதுதான் அதற்கு வழி.

விருந்து முடிந்து ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கினால் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் எங்களைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். ஆனால் சிறு குழந்தையானால், மயக்கமோ குழப்பமோ கண் மஞ்சளோ தெரிந்தால், சிறுநீர் குறைந்தால், அல்லது எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை வாந்தியில் வெளியேறிவிட்டால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வரும்போது நோயாளியின் மருந்துச் சீட்டையும், என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், அது எத்தனை நேரம் வெளியில் இருந்தது என்ற குறிப்பையும் கொண்டு வாருங்கள். மிச்சம் இருந்தால் அதையும் மூடிய டப்பாவில் எடுத்து வாருங்கள்.